இது நம்ம வருஷம்: ஆக்லாந்து ரசிகர்களின் நம்பிக்கை வளர்ந்த விதம்

2022 ஏப்ரல் 25 அன்று மெல்போர்ன் நகரில், அந்த ஊரின் ஸ்டார்ம் அணியிடம், ஆக்லாந்தின் நியூசிலாந்து வாரியர்ஸ் அணி 70-10 என்ற கணக்கில் தோற்றது. ரக்பி லீக்கில் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் அது டிரை. அதற்கு நான்கு புள்ளி. தொடர்ந்து வரும் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மேலும் இரண்டு. ஒரே ஆட்டத்தில் எழுபது புள்ளிகளை விட்டுக்கொடுப்பதென்றால், எண்பது நிமிடமும் எதிரணி தன் விருப்பம்போல் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். அந்தப் பருவம் முடிந்தபோது ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியின் பதினாறு அணிகளில் வாரியர்ஸ் 15ஆம் இடத்தில் இருந்தது.

சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 25 அன்று, அதே ஊரில், அதே மெல்போர்ன் ஸ்டார்ம் அணியிடம் வாரியர்ஸ் மறுபடியும் தோற்றது. இம்முறை 30-22. புள்ளிப்பட்டியலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஆக்லாந்தில் இரண்டாவது தோல்வியைப் பற்றிய பேச்சு வேறாக இருந்தது. தோற்ற மறுநாள் ரசிகர்கள் அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பருவத்தின் செப்டம்பரில் நாடு முழுவதும் கேட்ட, வாரியர்ஸை வாழ்த்தும் ‘அப் தி வாஸ்’ என்ற முழக்கத்துக்கான வேர் இப்படிப்பட்ட தோல்விகளிலும் இருக்கிறது என்பது என் கருத்து. ரசிகர்களின் நம்பிக்கை வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். 2023ஆம் ஆண்டின் வாரியர்ஸ் பருவத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்த எண்ணம் போதாது என்று தெரிகிறது.

முதலில் இந்த ஆட்டத்தையும் இந்த ஊரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1895 ஆகஸ்டில் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரிலுள்ள ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கழகங்கள், ரக்பி ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பு கண்டன. காரணம் கூலி. சனிக்கிழமை ஆட்டத்துக்காகச் சுரங்க வேலையையும் ஆலை வேலையையும் விட்டு வரும் தொழிலாளிக்கு அவன் இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குக் கழகங்கள் கேட்டன. பணம் வாங்காமல் ஆடுவதே பண்பு என்று வசதி படைத்தவர்கள் நிறைந்த தெற்கு மறுத்தது. அந்தப் பிளவில் பிறந்ததுதான் ரக்பி லீக். பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு, ஆறு முறை பிடித்து நிறுத்தப்படும் வரை, அதாவது ஆறு டேக்கிள்கள் வரை வாய்ப்பு. அதற்குள் டிரை போடாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

நியூசிலாந்துக்கு இதைக் கொண்டுவந்தவர் ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளம் அஞ்சலக எழுத்தர். 1907இல் அவர் திரட்டிய அணி பிரிட்டனுக்குப் பயணம் போனது. பணம் வாங்கி ஆடியதால் ‘ஆல் கோல்ட்ஸ்’ என்று ஏளனமாக அழைக்கப்பட்ட அணி அது. அந்தப் பயணத்திலேயே, 1908இல், 25 வயதில் நிமோனியாவால் பிரிஸ்பேனில் இறந்துபோனார் அவர். அன்று முதல் இன்று வரை, ரக்பி ஒன்றியம் ஆடும் ஆல் பிளாக்ஸ் தேசிய அணியின் நாட்டில் லீக் இரண்டாவது வீட்டுப் பிள்ளையாகத்தான் வளர்ந்திருக்கிறது. பணக்காரப் பள்ளிகளின் மைதானங்களில் ஒன்றியம். துறைமுகத் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், பிறகு தெற்கு ஆக்லாந்தின் மாவோரி, சமோவா, டோங்கா குடும்பங்கள் இருந்த இடங்களில் லீக்.

1995இல் ஆஸ்திரேலியாவின் பெரும் லீக் போட்டியில் ஆக்லாந்து வாரியர்ஸ் சேர்ந்தபோது அந்தக் குடும்பங்களுக்கு முதன்முறையாகச் சொந்த அணி கிடைத்தது. மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் பிரிஸ்பேன் பிராங்கோஸை எதிர்த்து ஆடிய முதல் ஆட்டத்தில் 25-22 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் ஏமாற்றங்கள். 2002இல் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்தும் இறுதிப் போட்டியில் சிட்னி ரூஸ்டர்ஸிடம் 30-8. 2011 இறுதிப் போட்டியில் மேன்லியிடம் 24-10. கோப்பை ஒருமுறைகூட வரவில்லை. ஒவ்வொரு மார்ச் மாதமும் ‘இது நம்ம வருஷம்’ என்று ரசிகர்கள் சொல்வதும், ஆகஸ்டில் அந்தச் சொல்லையே திருப்பி அவர்கள் மீது மற்றவர்கள் எறிவதும் அந்நாட்டின் பருவ வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. பெங்களூரு கிரிக்கெட் ரசிகர்கள் பருவத்துக்குப் பருவம் ‘ஈ சலா கப் நம்தே’ என்று சொல்லிக் கேலிக்கு ஆளானதைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ரசிகர்களின் நம்பிக்கைக்கு வந்த மிகப் பெரிய சோதனை தோல்வி அல்ல, பிரிவு. 2020இல் கோவிட் காரணமாக எல்லைகள் மூடப்பட்டபோது, பதினாறு அணிகளில் பதினைந்து ஆஸ்திரேலிய மண்ணில் இருந்தன. போட்டி நடக்க வேண்டுமானால் வாரியர்ஸ் வீட்டைவிட்டு வர வேண்டும். அந்த மே மாதம் ஆட்டக்காரர்கள் நியூ சவுத் வேல்ஸின் டாம்வொர்த் என்ற உள்நாட்டு ஊருக்குப் பறந்து, இரண்டு வாரம் தனிமைப்படுத்தலில் இருந்தார்கள். போட்டி மறுபடி தொடங்கியபோது ஆடிய முதல் ஆட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணியை 18-0 என்று வென்றார்கள். அதற்குப் பிறகு கடற்கரை ஊரொன்றில் தங்கல், 2021இல் குவீன்ஸ்லாந்துக்கு இடமாற்றம், 2022இல் ரெட்கிளிஃப். குழந்தைகளைப் பிரிந்து இருக்க முடியாமல் சில ஆட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலேயே ஊர் திரும்பினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மற்ற அணிகள் வாரம் விட்டு வாரம் தங்கள் படுக்கையில் தூங்கி எழுந்து ஆடியபோது, வாரியர்ஸுக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம். போட்டி நின்றுவிடாமல் காத்ததில் அவர்களுடைய பங்கை ஆஸ்திரேலியாவில் பலமுறை பாராட்டினார்கள். பாராட்டுக்குப் புள்ளிகள் இல்லை.

2022 ஜூலை 3 அன்று அணி வீடு திரும்பியது. முந்தைய சொந்த மண் ஆட்டம் முடிந்து 1,038 நாட்கள் ஆகியிருந்தன. எதிரணி வெஸ்ட்ஸ் டைகர்ஸ். இரண்டும் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த அணிகள். தலைமைப் பயிற்சியாளர் நேதன் பிரவுன் ஒரு மாதம் முன்புதான் விலகியிருந்தார். ஸ்டேசி ஜோன்ஸ் தற்காலிகமாகப் பொறுப்பேற்றிருந்தார். கணக்குப் பார்க்கிற எவருக்கும் அந்த ஆட்டத்துக்குப் போக ஒரு காரணமும் இருந்திருக்காது. டிக்கெட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன. ஏறத்தாழ 26 ஆயிரம் பேர் மவுண்ட் ஸ்மார்ட்டை நிரப்பினார்கள். வாரியர்ஸ் 22-2 என்று வென்றது.

அடுத்த ஆண்டின் நம்பிக்கைக்கு அடித்தளம் இட்டது இந்த நாள்தான் என்று நினைக்கிறேன். பட்டியலில் அது எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. ஆனால் மூன்று பருவங்களைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த ஒரு கூட்டம், தான் இன்னும் கூட்டமாக இருக்கிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தது. நம்பிக்கை தனியாளின் மனத்தில் முளைக்கலாம். வளர்வதற்கு மற்றவர்களின் முகம் வேண்டும்.

2023க்கு ஆன்ட்ரூ வெப்ஸ்டர் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். தலைமைப் பொறுப்பில் முழுப் பருவம் இருந்த அனுபவம் அவருக்கு இல்லை. 2021, 2022 இரண்டு ஆண்டுகளும் கோப்பை வென்ற பென்ரித் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். பருவம் தொடங்கும் முன் பலரும் வாரியர்ஸைக் கடைசி இடங்களில்தான் வைத்துக் கணித்தார்கள். பெரிய பெயர்கள் எதுவும் புதிதாக வரவில்லை. வந்தவர்கள் மிட்செல் பார்னெட், மராட்டா நியுகோரே போன்ற உழைப்பாளிகள்.

மாறியது தடுப்பாட்டம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தேர்ந்த லீக் ரசிகரின் கண் முதலில் போவது இங்கேதான். தாக்குதல் ஆட்டம் திறமையைக் காட்டும். தடுப்பாட்டம் பதின்மூன்று பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதைக் காட்டும். சொந்தக் கோட்டிலிருந்து ஐந்து மீட்டரில் எதிரணி பந்தோடு நிற்கிறது. ஐந்து முறை மோதுகிறார்கள். ஐந்து முறையும் தடுத்தாயிற்று. ஆறாவது முறை உருட்டிவிட்ட பந்து நம் ஆட்டக்காரர் காலில் பட்டு வெளியே போனால், எதிரணிக்கு மறுபடி ஆறு வாய்ப்பு. நுரையீரல் எரிகிறது. இந்த நேரத்தில் வெளிப்புறத்தில் நிற்பவர், பக்கத்தில் இருப்பவர் தன் ஆளைப் பிடிப்பார் என்று நம்பித் தன் இடத்திலேயே நிற்க வேண்டும். நம்பாமல் உள்ளே நகர்ந்தால், அவர் விட்ட இடைவெளியில் பந்து போய்விடும். 2022இல் வாரியர்ஸ் மறுபடி மறுபடி உள்ளே நகர்ந்தது. 2023இல் நின்றது. தலைவர் டோஹு ஹாரிஸ் ஆட்டம் முழுக்கக் களத்தின் நடுப்பகுதியில் டேக்கிள் செய்துகொண்டே இருந்தார். முன்வரிசையில் அடின் ஃபொனுவா-பிளேக் மோதி மோதி எதிரணியைக் களைக்க வைத்தார்.

ஆட்டத்தை ஆண்டாண்டாகப் பார்த்துவரும் ரசிகர் இதைப் புள்ளிவிவரம் இல்லாமலே உணர்ந்துவிடுவார். அதனால்தான் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் மெல்போர்ன், ரூஸ்டர்ஸ், பென்ரித் என்று தொடர்ந்து மூன்று தோல்விகள் வந்தபோதும் நம்பிக்கை உடையவில்லை. ரூஸ்டர்ஸிடம் 14-0, நடப்புச் சாம்பியன் பென்ரித்திடம் 18-6. தோற்ற அணி யாரையும் எழுபது எடுக்க விடவில்லை.

ஆனால் தடுப்பாட்டம் ரசிகரின் உள்ளத்தில் அமைதியான நம்பிக்கையைத்தான் தரும். அதை வாய்விட்டுச் சொல்லவைக்க ஓர் ஆட்டம் தேவைப்படும். அது ஏப்ரல் 2ஆம் தேதி சிட்னியின் தெற்கில், குரோனுல்லா ஷார்க்ஸ் அணியின் சொந்த மைதானத்தில் நடந்தது. முதல் பாதி முடிவதற்குள் வாரியர்ஸ் 20-0 என்று பின்தங்கியது. வாரியர்ஸ் ரசிகர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம்: இதற்கு மேல் இரண்டு டிரை விழும், தோள்கள் தொங்கும், ஐம்பதில் முடியும். அன்று அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு டிரையாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் 30-30. பெனால்ட்டி கிடைத்தது. உதைக்க வந்தவர் ஷான் ஜான்சன். பந்து உள்ளே போனது, 32-30. அணியின் வரலாற்றிலேயே இருபது புள்ளி பின்தங்கி வென்ற ஆட்டம் அதற்குமுன் இருந்ததில்லை.

அந்த உதையை உதைத்தவர் யார் என்பது முக்கியம். ஜான்சன் 2011இல் இருபது வயதில் வாரியர்ஸுக்கு வந்தவர். வந்த ஆண்டே இறுதிப் போட்டி ஆடியவர். 2014இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பூட் பெற்றவர். 2018 முடிவில் ஒப்பந்தச் சிக்கலில் அணியைவிட்டுப் போனார். போன இடம் இதே குரோனுல்லா. மூன்று பருவங்கள் அங்கே ஆடிவிட்டு, 2022இல் திரும்பி வந்தபோது அணி ஊரில்கூட இல்லை. அந்த ஆண்டு அவர் ஆட்டமும் எடுபடவில்லை. காலம் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். 2023 செப்டம்பரில் 33 வயதைத் தொட்ட அவர், அந்தப் பருவத்தில் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார். ஜூலையில் கான்பெராவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரே ஒரு ஃபீல்டு கோலால் 21-20 என்று வென்று தந்தார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கத்தை நியூகாசிலின் கேலின் போங்காவிடம் ஒரே ஒரு வாக்கில், 56-55 என்று இழந்தார். திரும்பி வந்த மகன் என்ற கதை எந்த ஊர் மக்களையும் உருக்கும். மூன்றாண்டு வெளியூரில் கிடந்த அணியும், மூன்றாண்டு வேறு அணியில் கிடந்த ஆட்டக்காரரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பியதாக ஆக்லாந்து அதைப் பார்த்தது.

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் குறுக்கே வருவார்கள், வரவும் வேண்டும். மனித மனம் நன்மையை மிகையாகவும் தீமையைக் குறைவாகவும் எதிர்பார்க்கிறது என்று 1980இல் அமெரிக்க உளவியலாளர் நீல் வைன்ஸ்டீன் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் காட்டினார். 2011இல் கேட் மாஸி, ஜோசப் சிம்மன்ஸ், டேவிட் ஆர்மர் மூவரும் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களை ஒரு முழுப் பருவமும் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஆட்ட முடிவைக் கணிக்கச் சொன்னார்கள். சரியாகக் கணித்தால் பணம். தங்களுக்குப் பிடித்த அணி வெல்லும் என்று ரசிகர்கள் அளவுக்கு மீறி நம்பினார்கள். வாரந்தோறும் முடிவு தெரிந்தும், கணிப்பில் பணம் இருந்தும், பருவக் கடைசியிலும் அந்த மிகை குறையவில்லை. அனுபவம் ஆசையைத் திருத்தவில்லை.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதைக் கொண்டு ரசிகரின் நம்பிக்கையை வெறும் பிழை என்று ஒதுக்கிவிடுவதை ஏற்க முடியவில்லை. காரணம், ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் கட்டமைப்பே நம்பிக்கைக்கு இடம் வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு; 2023இல் அது 1.21 கோடி ஆஸ்திரேலிய டாலர். பணக்காரக் கழகம் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிக் குவிக்க முடியாது. வரம்பை மீறியதற்காக மெல்போர்ன் ஸ்டார்ம் 2007, 2009 கோப்பைகளையே 2010இல் இழந்தது. ஐரோப்பிய உதைபந்தாட்டத்தின் பெரிய லீகுகளில் பட்டியலின் அடியில் முடித்த அணி அடுத்த ஆண்டு கோப்பைக்குப் போட்டியிடுவதைக் கற்பனை செய்வது கடினம். ரக்பி லீக்கில் அது நடக்கிற காரியம். 1992, 1993இல் பிரிஸ்பேன் அடுத்தடுத்து வென்ற பிறகு, ஒன்றுபட்ட போட்டியில் இன்னொரு கழகம் அதைச் செய்ய 2019 வரை ஆனது. விளைவு நிச்சயமில்லாமல் இருப்பதுதான் ஒரு போட்டியை உயிரோடு வைத்திருக்கிறது என்று பொருளாதார அறிஞர் சைமன் ராட்டன்பெர்க் 1956லேயே பேஸ்பால் பற்றிய கட்டுரையில் எழுதினார். நிச்சயமின்மையைச் சட்டமாகவே எழுதிவைத்த போட்டியில், கடைசி இடத்து அணியின் ரசிகர் மார்ச் மாதத்தில் நம்பிக்கையோடு இருப்பது அறிவுக்கு ஒவ்வாத செயல் ஆகாது.

காத்திருந்து பெற்றவர்களும் இருக்கிறார்கள். சவுத் சிட்னி 1971க்குப் பிறகு 43 ஆண்டுகள் காத்திருந்து 2014இல் வென்றது. நடுவில் அந்தக் கழகமே போட்டியிலிருந்து நீக்கப்பட்டு, ரசிகர்கள் தெருவில் இறங்கியும் நீதிமன்றம் ஏறியும் மீட்டுக்கொண்டுவந்தார்கள். 1967இல் சேர்ந்த குரோனுல்லாவுக்கு முதல் கோப்பை 2016இல். அதே 1967இன் டிசம்பரில்தான் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹேரல்டு ஹோல்ட் கடலில் குளிக்கப் போய்க் காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை. குரோனுல்லா கோப்பைக்குக் காத்திருப்பது ஹோல்ட் வருவார் என்று வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பதற்குச் சமம் என்று புகழ்பெற்ற பயிற்சியாளர் ஜாக் கிப்சன் சொன்னதைச் சிட்னியில் அறியாதவர் இல்லை. 2016 அக்டோபரில் குரோனுல்லா வென்றது. விளக்கை ஏற்றி வைத்திருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்று அன்று ஆனது.

எனவே ரசிகரின் நம்பிக்கையில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன என்பேன். ஒன்று கணிப்பு: இந்த அணி எத்தனை ஆட்டம் வெல்லும் என்பது. இன்னொன்று உறவு: வென்றாலும் தோற்றாலும் இது என் அணி என்பது. மாஸியும் மற்றவர்களும் அளந்தது முதல் இழையை. 2023இல் முதல் இழையிலும் வாரியர்ஸ் ரசிகர்கள் பண்டிதர்களைவிடச் சரியாகவே இருந்தார்கள். கடைசி இடங்களில் கணிக்கப்பட்ட அணி 24 ஆட்டங்களில் 16ஐ வென்று நான்காம் இடம் பிடித்தது. இடதுபுற, வலதுபுற விளிம்புகளில் டிரைகள் குவிந்தன. டாலின் வாட்டனே-செலெஸ்னியாக் மட்டும் 24 டிரை போட்டார். வெப்ஸ்டர் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் ஆனார்.

இரண்டாவது இழையை அளப்பது கடினம். ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976இல் ஒரு வழி கண்டார்கள். ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்குப் பிந்தைய திங்கட்கிழமைகளில், எத்தனை மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட உடை அணிந்து வருகிறார்கள் என்று எண்ணினார்கள். வென்ற வாரங்களில் எண்ணிக்கை கூடியது. தொலைபேசியில் கேட்டபோது, வென்ற ஆட்டத்தை ‘நாங்கள் வென்றோம்’ என்றும் தோற்ற ஆட்டத்தை ‘அவர்கள் தோற்றார்கள்’ என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. வெற்றியின் வெளிச்சத்தில் குளிர்காய்வதும் தோல்வியிலிருந்து விலகி நிற்பதும் மனித இயல்பு. 2023 செப்டம்பரில் நியூசிலாந்தில் முதல் பாதி கண்கூடாக நடந்தது. அதே மாதம் பிரான்சில் ரக்பி உலகக் கோப்பை தொடங்கியிருந்தது. முதல் ஆட்டத்தில் ஆல் பிளாக்ஸ் பிரான்சிடம் 27-13 என்று தோற்றது. அப்படியிருந்தும் கடைகளிலும் பள்ளிகளிலும் வானொலியிலும் பேச்சு வாரியர்ஸைப் பற்றியே இருந்தது. லீக்கை எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் ‘அப் தி வாஸ்’ என்று வணக்கம் சொன்னார்கள்.

செப்டம்பர் 16 அன்று மவுண்ட் ஸ்மார்ட்டில் நியூகாசிலுக்கு எதிரான நாக் அவுட் ஆட்டம். 2008க்குப் பிறகு அங்கே நடந்த முதல் இறுதிச்சுற்று ஆட்டம் அது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் நினைவில் அப்படியொன்றைப் பார்த்திருக்கவே முடியாது. ஒரு வாரம் முன்பு பென்ரித்திடம் 32-6 என்று தோற்றபோது காயத்தால் ஆடாத ஜான்சன் அன்று திரும்பினார். 40-10 என்று வென்றார்கள். மூன்றாண்டு நாடோடியாக அலைந்த அணிக்கு, கோப்பையைத் தவிர எல்லாவற்றையும் அந்த மாலை கொடுத்துவிட்டது.

அடுத்த வாரம் பிரிஸ்பேனில் பிராங்கோஸிடம் 42-12. பருவம் முடிந்தது.

நம்பிக்கைக்கு விலை உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பிரிட்டனில் பீட்டர் டால்ட்டனும் ஜார்ஜ் மெக்கரனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசிச் செயலி வழியாக 32 ஆயிரம் பேரிடமிருந்து திரட்டிய முப்பது லட்சம் பதில்களை அலசினார்கள். உதைபந்தாட்ட ரசிகருக்கு வெற்றி தரும் மகிழ்ச்சியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு துயரத்தைத் தோல்வி தருகிறது. வெல்வோம் என்று எதிர்பார்த்துத் தோற்றால் வலி இன்னும் கூடுகிறது. டேவிட் கார்டும் கார்டன் டாலும் 2011இல் காட்டியது அதைவிடக் கொடியது: அமெரிக்காவில் வெல்லும் என்று கணிக்கப்பட்ட சொந்த ஊர் அணி எதிர்பாராமல் தோற்கும் நாட்களில், வீட்டுக்குள் ஆண்கள் பெண்கள் மீது நடத்தும் வன்முறை ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. தோற்கும் என்று எதிர்பார்த்த அணி தோற்றால் இப்படி ஆவதில்லை. உடைவது எதிர்பார்ப்பு, அடி வாங்குவது அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருத்தி. விளையாட்டு நம்பிக்கையைப் புகழ்ந்து எழுதும் எவரும் இந்தக் கண்டுபிடிப்பைக் கடந்து போகக் கூடாது. எதிர்பார்ப்பை விற்றே பிழைக்கும் சூதாட்ட நிறுவனங்களும், அவற்றின் விளம்பரங்களை வாங்கிக்கொள்ளும் விளையாட்டு அமைப்புகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள்.

2024இல்தான் என் வாதத்துக்கான உண்மையான சோதனை வந்தது. சென்ற ஆண்டின் நான்காம் இடத்தால் எதிர்பார்ப்பு வானளவு இருந்தது. காயங்கள் வந்தன, நெருக்கமான ஆட்டங்கள் கைநழுவின. பருவ முடிவில் 13ஆம் இடம். ஜான்சன் ஓய்வு பெற்றார். சியால்டினியின் கணக்குப்படி இப்போது ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று சொல்லிவிட்டுச் சட்டையைப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். புதிதாக ஒட்டிக்கொண்டவர்கள் சிலர் அப்படிச் செய்தும் இருப்பார்கள். ஆனால் மவுண்ட் ஸ்மார்ட்டின் டிக்கெட்டுகள் தொடர்ந்து விற்றுத் தீர்ந்தன. தோற்றுக்கொண்டிருந்த அணியைப் பார்க்க மக்கள் பணம் கொடுத்து வந்தார்கள். 2022 ஜூலை 3 அன்று மைதானத்தை நிரப்பியதும் இதே ஆட்கள்தான். கணிப்பு பொய்த்தது, உறவு பொய்க்கவில்லை. ரசிகர்களின் நம்பிக்கையை ஆராய்பவர்கள் வென்ற பருவங்களை விட்டுவிட்டு, நம்பிக்கை உயர்ந்ததற்கு அடுத்த ஆண்டு வரும் தோற்ற பருவங்களைப் பார்க்க வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து.

2025இல் பென்ரித்திலிருந்து ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் வந்து இணை அணித்தலைவர் ஆனார். லாஸ் வேகாஸில் நடந்த முதல் ஆட்டத்தில் கான்பெராவிடம் 30-8 என்று தோற்று, பிறகு நிமிர்ந்து, பருவத்தின் நடுவில் முன்னணியில் நின்றார்கள். பார்னெட்டும், ஆட்டத்தை நடத்திய லூக் மெட்காஃபும் அடுத்தடுத்து முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார்கள். ஆறாம் இடத்தில் முடித்து, செப்டம்பரில் சொந்த மண்ணில் பென்ரித்திடம் 24-8 என்று தோற்று வெளியேறியது அணி. 1995 முதல் 2025 வரை 31 பருவங்கள். இரண்டு இறுதிப் போட்டிகள். கோப்பை இன்னும் ஆக்லாந்துக்கு வரவில்லை.